படகு மோட்டாரின் தீப்பொறியும் பேராக்கின் பால்மரமும்



கடந்த பள்ளி விடுமுறையில் பாகான் டத்தோவில் வசிக்கும் என் தாய்மாமாவைக் காணச் சென்றிருந்தேன். மாமா முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்துப் பட்டறையில் பணியாற்றியவர். தோட்டம் கைமாறிக் குடியிருப்புகள் காலியான பின்னர், பேராக் ஆற்றின் முகத்துவாரத்திற்கு அருகே ஒரு சிறு வீட்டில் வாழ்ந்து வருகிறார். அவரிடம் ஒரு சிறு படகும், அதன் பின்பலகையில் மாட்டும் பழைய வெளிப்பொருத்து மோட்டார் ஒன்றும் உள்ளன. 1970களில் செய்யப்பட்ட இரண்டு சிலிண்டர் கொண்ட டூ ஸ்ட்ரோக் மோட்டார் அது.

அந்த மோட்டார் சில மாதங்களாகவே தொல்லை கொடுத்து வந்தது. நண்பகலில் கயிற்றை இழுத்தால் உடனே உயிர் பெறும். விடியற்காலையில் வலை எடுக்கப் புறப்பட்டாலோ, ஒரு சிலிண்டர் மட்டுமே வேலை செய்வது போல் திணறும். கடைக்கு எடுத்துச் சென்றபோது, "இது பழைய சாமான், இனிமேல் பார்க்க முடியாது, புதிதாக வாங்கிக் கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். மாமா அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

"மோட்டார் சாகல தம்பி. நெருப்புப்பொறி எங்கேயோ வேற வழியில போயிடுது. எங்க போகுதுன்னு கண்டுபிடிச்சா போதும்" என்றார்.

மாமா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் அறிவியலும் இருக்கிறது, நம் பேராக் மாநிலத்தின் வரலாறும் இருக்கிறது என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. பின்னர் படித்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

மின்கலம் இல்லாத மின்சாரம்

படகின் பின்புறத்தில் மாட்டிக் கழற்றக்கூடிய மோட்டாரை அமெரிக்காவில் கேமரன் வாட்டர்மேன் என்பவர் 1900களின் நடுவில் செய்து விற்றார். ஆயினும் அதனை எளிய மக்களிடம் கொண்டு சேர்த்தவர் நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் ஆவார். 1909ஆம் ஆண்டு மில்வாக்கி நகரில் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டார் ஒன்றரைக் குதிரைத்திறன் கொண்டது. அதன் எடை 62 பவுண்டு, விலையும் 62 டாலர். கயிறு இழுத்து இயக்கும் வசதி அதில் இல்லை. மேலே இருக்கும் சுழல்சக்கரத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைப் பிடித்துச் சுழற்றிவிட வேண்டும். பிடித்த கையை உடனே எடுக்காவிட்டால் விரல் முட்டிகள் பெயர்ந்துவிடும்!

அந்த முதல் மோட்டாரில் தீப்பொறியை உண்டாக்கியவை மின்கலமும் காயிலும் ஆகும். நீரும் ஈரமும் சூழ்ந்த படகில் மின்கலத்தைக் காப்பது எளிதன்று. ஆகவே மின்கலமே தேவைப்படாத மேக்னெட்டோ என்னும் கருவி விரைவிலேயே படகு மோட்டார்களில் இடம்பிடித்தது.

மேக்னெட்டோவின் வேர் 1831இல் இருக்கிறது. கம்பிச் சுருளுக்கு அருகே காந்தப்புலம் மாறினால் கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்பதை அவ்வாண்டில் மைக்கேல் பாரடே மெய்ப்பித்தார். 1897இல் ஜெர்மனியின் இராபர்ட் போஷ் பட்டறை இந்தத் தத்துவத்தில் அமைந்த தாழ்மின்னழுத்த மேக்னெட்டோவை ஒரு மூன்று சக்கர மோட்டார் வண்டியில் பொருத்திக் காட்டியது. 1902இல் அதே பட்டறையைச் சேர்ந்த பொறியாளர் கோட்லோப் ஹோனோல்ட், உயர்மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கினார். உலகம் முழுவதும் மோட்டார் வண்டிகளும் வானூர்திகளும் படகுகளும் பெருகுவதற்கு இதுவே வழிவகுத்தது எனலாம். 1960இல் யமாஹா நிறுவனம் பி-7 என்னும் தனது முதல் வெளிப்பொருத்து மோட்டாரைக் கொண்டுவந்தது. பின்னர் நம் கடலோரங்களிலும் ஜப்பானிய மோட்டார்களின் ஓசை நிறைந்தது.

பழைய படகு மோட்டாரின் சுழல்சக்கரத்துக்குள் காந்தங்கள் பதிக்கப்பட்டிருக்கும். கயிற்றை இழுக்கும்போது அவை காயிலைக் கடந்து சுழல, காயிலின் முதல் சுற்றில் மின்சாரம் பிறக்கும். சரியான நொடியில் 'பாயிண்ட்' எனப்படும் தொடுமுனைகள் பிரியும். உடனே காந்தப்புலம் சரிந்து, பல்லாயிரம் சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுற்றில் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் எழும். அந்த அழுத்தமே பிளக்கின் முனையில் தீப்பொறியாக வெடிக்கிறது. தொடுமுனைகள் பிரியும்போது அங்கேயே பொறி பறந்து வீணாகாமல் காக்க ஒரு கண்டன்சர் துணை நிற்கும். இந்த உத்தியைப் பிரெஞ்சு அறிவியலாளர் பிசோ 1853லேயே கண்டறிந்திருந்தார். 1960களின் பிற்பாதியிலிருந்து தொடுமுனைகளே இல்லாத மின்னணு முறை படகு மோட்டார்களுக்கு வரத் தொடங்கியது. மாமாவின் மோட்டாரில் இருப்பது பழைய முறையே.

இந்த மோட்டார் நிமிடத்திற்கு 5,000 முறை சுழல்வதாகக் கொண்டால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் நொடிக்கு 83 தீப்பொறிகள் வேண்டும். அவற்றில் சில தவறினாலும் படகு திணறும்.

பொறியைக் காக்கும் சுவர்

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலர்ந்த காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட ஏறத்தாழ 3,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையில் அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் கூடுதலான வோல்ட் தேவை. அப்படியானால், பத்தாயிரம் வோல்ட்டைத் தாங்கிய வயரிலிருந்து மின்சாரம் வெளியே தாவிவிடாமல் தடுப்பது எது? வயரைச் சுற்றியுள்ள மின்காப்பு உறைதான். பொறியை உண்டாக்குவது பாதி வேலை, அதை வழிதவறாமல் பிளக் வரை கொண்டு சேர்ப்பது மீதிப் பாதி.

அக்காலத்தில் அந்த மின்காப்பாக விளங்கியது இரப்பர். 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், இரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உருகாமலும் வெடிக்காமலும் உறுதி பெறும் என்று கண்டார். கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்தால் கருங்காலி மரம் போன்று கடினமான எபனைட் கிடைத்தது. தொடக்கக்கால மேக்னெட்டோக்களில் மின்சாரத்தைப் பங்கிடும் தட்டுகள் எபனைட்டால் செய்யப்பட்டன. பிளக் வயர்களின் உறை நெகிழும் இரப்பரால் ஆனது. இரப்பர் என்றதும் நமக்குச் சக்கரங்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. தீப்பொறியைச் சுமந்து சென்ற மெல்லிய வயரை யாரும் நினைப்பதில்லை.

இப்போது பேராக்கிற்கு வருவோம். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளை இலண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டு சேர்த்தார். அங்கே முளைத்தவற்றுள் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது கன்றுகள் பேராக்கின் கோலகங்சாருக்கு வந்து சேர்ந்தன. அவ்வாண்டு பேராக்கின் பிரிட்டிஷ் ஆட்சிப் பேராளராகப் பொறுப்பேற்ற ஹியூ லோவின் தோட்டத்தில் அவை வளர்ந்தன. அந்தத் தொடக்கக்கால மரங்களுள் ஒன்று இன்றும் கோலகங்சாரில் வேலியிட்டுப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அவ்வழியே செல்லும் அன்பர்கள் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பாலெடுக்கும் வெட்டு முறையைக் கண்டறிந்து பரப்பினார். மோட்டார் வண்டிகள் பெருகியதும் இரப்பர் விலை ஏறியது. காடுகள் கித்தாத் தோட்டங்களாயின. கங்காணிகள் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர்கள் கப்பலேறி வந்தனர். 1920 அளவில் உலகின் இரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவில் விளைந்தது. அதிகாலைப் பெரட்டில் நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பால்வாளி சுமந்த கைகள் பெரும்பாலும் தமிழர் கைகளே.

ஒரு போர் உணர்த்திய பாடம்

மேக்னெட்டோவும் இரப்பரும் ஒன்றையொன்று எவ்வளவு சார்ந்திருந்தன என்பதை 1914இல் மூண்ட முதல் உலகப் போர் வெளிப்படுத்தியது. போருக்கு முன்பு பிரிட்டனின் மோட்டார் வண்டிகளும் வானூர்திகளும் பயன்படுத்திய மேக்னெட்டோக்களில் மிகப் பெரும்பாலானவை ஜெர்மனியின் போஷ் நிறுவனத்திலிருந்து வந்தவை. போர் மூண்டதும் அந்த வரத்து நின்றது. பிரிட்டன் அவசர அவசரமாக உள்நாட்டில் மேக்னெட்டோ தொழிலைக் கட்டியெழுப்ப வேண்டியதாயிற்று.

ஜெர்மனியின் நிலை இதற்கு நேர்மாறானது. அதனிடம் மேக்னெட்டோ இருந்தது, கடல் முற்றுகையால் இரப்பர் வரவில்லை. எனவே அந்நாட்டு வேதியியலாளர்கள் மீதைல் இரப்பர் என்னும் செயற்கை இரப்பரைத் தயாரித்தனர். அது சக்கரங்களுக்கு அவ்வளவாக உதவவில்லை. கடினமான எபனைட் பொருள்களுக்கே ஓரளவு பயன்பட்டது.

ஒரு நாட்டிடம் பொறி இருந்தது, மறு நாட்டிடம் பொறியைக் காக்கும் பால் இருந்தது. அந்தப் பாலை எடுத்தவர்களுக்கோ, தங்கள் வாளியில் இருப்பது உலகப் போர்களைத் தீர்மானிக்கும் பொருள் என்று யாரும் சொல்லவில்லை. 1941 திசம்பர் முதல் 1942 பிப்ரவரி வரையிலான சில வாரங்களில் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியபோது, நேசநாடுகள் இயற்கை இரப்பரின் பெரும்பகுதியை இழந்தன. அமெரிக்கா மாபெரும் செயற்கை இரப்பர்த் திட்டத்தைத் தொடங்கியதற்கு இதுவே காரணம்.

மாமாவின் பரிசோதனை

மீண்டும் படகு மோட்டாருக்கு வருவோம். மாமா செய்த பரிசோதனையின் வரிசை, பள்ளியில் நாம் கற்பிக்கும் அறிவியல் செயற்பாங்குத் திறனுக்குச் சற்றும் குறைந்ததன்று.

முதலில் அவர் கேட்ட கேள்வி, "எப்போது?" என்பது. சூடான பின்பு நின்றுபோகும் மோட்டாரில் காயிலையோ கண்டன்சரையோ ஐயுறலாம். சூட்டில் விரியும் பழைய காயிலின் உள்காப்பு பிளவுபடுவதுண்டு. எப்போதும் ஒரே சீராகத் திணறினால் பாயிண்ட்டை நோக்கலாம். விடியலின் ஈரத்தில் மட்டும் திணறினால், எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். மாமாவின் ஐயம் அங்கேயே பாதி தெளிந்துவிட்டது.

இரண்டாவது, பிளக். இரண்டையும் கழற்றி அருகருகே வைத்தார். ஒன்று நல்ல பழுப்பு நிறத்தில் இருந்தது. மற்றொன்று எண்ணெயும் ஈரமுமாகக் கறுத்திருந்தது. கறுத்த பிளக்கின் சிலிண்டருக்குப் பெட்ரோல் வருகிறது, பொறி வரவில்லை. பிளக்கில் படியும் கரியும் ஒருவகைக் கசிவுதான். வெள்ளைப் பீங்கான் மீது கரி படிந்தால், மின்சாரம் இடைவெளியைத் தாண்டாமல் அந்தக் கரி வழியே இறங்கிவிடும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காத யாழ்ப்பாணத்து மக்கள், சில துளி பெட்ரோல் விட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பிப் பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் கரியாகப் படிய, பிளக்கைக் கழற்றித் துடைப்பது அன்றாடக் கடமையாகவே இருந்தது.

மூன்றாவது, இடம் மாற்றிப் பார்த்தல். இரண்டு பிளக்குகளையும் இடம் மாற்றிப் பொருத்தி மோட்டாரை ஓட்டினார். இரண்டாம் சிலிண்டரே மீண்டும் திணறியது. ஆகவே குற்றம் பிளக்கில் இல்லை.

நான்காவது, நிறுத்தும் பொத்தானின் வயர். அந்தப் பொத்தான் மேக்னெட்டோவின் மின்சாரத்தை மோட்டாரின் உடலுக்குத் திருப்பிவிட்டே அதை நிறுத்துகிறது. அந்த வயர் தேய்ந்து உடலைத் தொட்டால், பொத்தானை அழுத்தாமலேயே பொறி மறைந்துவிடும். எனவே அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை பார்த்தார். மாற்றம் இல்லை. ஓடும் மோட்டாரை நிறுத்தவும் இது தேவை என்பதால், பார்த்தவுடன் மீண்டும் மாட்டிவிட்டார்.

ஐந்தாவது, பாயிண்ட். சுழல்சக்கரத்தின் சாளரம் வழியாகத் தொடுமுனைகளைப் பார்த்தார். கடற்காற்றில் அவற்றின் மீது வெண்மையாகப் பூத்திருந்தது. தூய்மையான அட்டைத் துண்டை இடையில் விட்டு இழுத்துத் துடைத்து, இடைவெளியை அளந்தார். கையேட்டில் குறித்தபடி 0.35 மில்லிமீட்டர் சரியாக இருந்தது. கண்டன்சர் கெட்டிருந்தால் முனைகள் கருகி நீலம் பாரித்திருக்கும். அப்படி எதுவும் இல்லை.

எஞ்சியவை காயிலும் அதிலிருந்து பிளக்கிற்குச் செல்லும் வயரும்தான்.

இருட்டில் தெரிந்த உண்மை

மாலையில் மோட்டாரைப் பழைய எண்ணெய்த் தோம்பில் நீர் நிரப்பி அதில் பொருத்தினோம். நீரின்றி ஓட்டினால் உள்ளிருக்கும் நீரிறைப்பான் தேய்ந்து, மோட்டாரும் சூடேறிக் கெட்டுவிடும். பெட்ரோல் கலத்தைத் தள்ளி வைத்து, சிந்திய பெட்ரோலைத் துடைத்துக் காற்றில் உலரவிட்டோம். பொறியைத் தேடும்போது பெட்ரோல் ஆவி சூழ இருக்கக்கூடாது. நன்றாக இருட்டிய பிறகு, மேல்மூடியைக் கழற்றிவிட்டு மாமா கயிற்றை இழுத்தார். நீர்த்தெளிப்பானால் வயர்களின் மீது சிறிதளவு நீரைத் தூவினார்.

மறுகணமே மோட்டார் திணறியது. இரண்டாம் சிலிண்டரின் வயர் வளையும் இடத்திலிருந்து, அருகிலிருந்த இரும்பை நோக்கி நீல நிறத்தில் மெல்லிய பொறிகள் ஓசையுடன் தாவிக்கொண்டிருந்தன. பகலில் எத்தனை முறை பார்த்தாலும் தெரியாதது அது. "பாத்தியா? சொன்னேன்ல" என்றார் மாமா. "கையை மட்டும் கிட்ட கொண்டு போகாதே."

மோட்டாரை நிறுத்தி, விளக்கைக் கொண்டு பார்த்தோம். வயரின் இரப்பர் உறையில், வளைந்த இடத்தில் மட்டும், குறுக்காகப் பல நுண்ணிய வெடிப்புகள் இருந்தன. அவற்றில் உப்பும் படிந்திருந்தது. பகலில் உப்பு உலர்ந்து கிடக்கும். விடியலின் ஈரம் பட்டால் அது மின்சாரத்திற்குப் பாதையாகிவிடும்.

அந்த வெடிப்புகள் எதனால் வந்தன என்பதுதான் என்னை வியக்க வைத்தது. மின்பொறி காற்றிலுள்ள ஆக்சிஜனை ஓசோனாக மாற்றும். இயற்கை இரப்பரின் மூலக்கூற்றுச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் அறுக்கும். இழுபட்டோ வளைந்தோ இருக்கும் இடத்தில்தான் வெடிப்பு தோன்றும். அதுவும் இழுபடும் திசைக்குக் குறுக்காகவே தோன்றும். அதாவது, தான் சுமந்த பொறியாலேயே அந்த உறை மெல்ல மெல்ல அழிந்திருக்கிறது. அதன் பொருட்டே இன்றைய வயர்களுக்கு ஓசோனைத் தாங்கும் சிலிக்கோன் போன்ற செயற்கைப் பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள்.

மாமாவின் மோட்டாரில் வயர் காயிலிலிருந்து திருகிக் கழற்றக்கூடிய வகை. தெலுக் இந்தானில் மீட்டர் கணக்கில் வயர் வாங்கி, பிளக்கின் தொப்பியையும் புதிதாக மாற்றினார். மறுநாள் விடியற்காலையில், பனி இறங்கியிருந்த நேரத்தில், இரண்டு சிலிண்டரும் ஒரே குரலில் பாடின. மொத்தச் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்கு மேல் போகவில்லை.

தோட்டமும் பட்டறையும்

இரப்பரின் கதை பிறகு எப்படிப் போனது என்பது நாம் அறிந்ததே. 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. தோட்டத் தொழிலாளர்களே தோட்டத்தை வாங்க வேண்டும் என்ற நோக்கில் 1960இல் சுங்கை சிப்புட் தந்த தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். எனினும் செம்பனை பெருகப் பெருகக் கித்தாக் காடுகள் குறைந்தன. கோயிலும் பள்ளியும் பட்டறையும் சேர்ந்த தோட்டத்து வாழ்வு கலைந்தது.

பால்வெட்டுக்காரர்களைப் பற்றி நாம் ஓரளவு எழுதிவிட்டோம். தோட்டத்துப் பட்டறைகளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. உதிரிப்பாகம் உடனே கிடைக்காத இடத்தில் லாரியையும் மின்னாக்கியையும் நீரிறைக்கும் இயந்திரத்தையும் ஓடவைத்தவர்கள் அவர்கள். ஏடு பார்த்துக் கற்காமல், கேள்வி கேட்டும் விலக்கிப் பார்த்தும் குற்றத்தைக் கண்டறியும் முறையைத் தாங்களே வகுத்துக்கொண்டவர்கள். அவர்களுக்குச் சான்றிதழ் இல்லை என்பதால் அது கல்வி இல்லை என்றாகிவிடாது. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நான் கற்ற பாடங்களுள் இவ்வளவு தெளிவான ஆய்வுமுறை ஒன்றை யாரும் எனக்குச் செய்து காட்டியதில்லை என்பதை வெட்கமின்றி ஒப்புக்கொள்கிறேன்.

கழற்றிய பழைய வயரை மாமாவிடம் கேட்டு வாங்கி வந்தேன். இப்போது அது என் ஆறாம் ஆண்டு வகுப்பில் இருக்கிறது. மாணவர்களிடம் கொடுத்து வளைக்கச் சொன்னால் வெடிப்புகள் வாய் திறக்கும். "இது எந்த மரத்திலிருந்து வந்தது? யார் எடுத்த பால்?" என்று கேட்கிறேன். பலருக்கும் விடை தெரியவில்லை. அவர்களின் பாட்டியும் பூட்டியும் எடுத்த பால் என்று சொல்லும்போது, வயரை மேசையில் வைக்காமல் இன்னும் சற்று நேரம் கையிலேயே வைத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் குடும்பத்திலும் தோட்டத்துப் பட்டறையில் வேலை செய்த பெரியவர்கள் இருக்கக்கூடும். அவர்கள் இருக்கும்போதே அருகில் அமர்ந்து கேளுங்கள், எழுதி வையுங்கள்.